பழைய காரில் எர்த் கோளாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று இருக்கிறது. எங்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். மலேசியாவில், சிலாங்கூரில் இருக்கும் இந்த ஊரில் வயர்மேன் வேலை செய்கிறேன். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். கடைக்கு வருகிற வண்டிகளில் பெரும்பாலானவை பழசு. புரோட்டோன் சாகா, ஈஸ்வாரா, வீரா, பெரோடுவா கஞ்சில், எப்போதாவது ஒரு டட்சன் 120ஒய். முதல் சாகா வந்தது 1985 ஜூலையில். முதல் கஞ்சில் 1994இல். அப்படியானால் அந்த வண்டிகளுக்குள் ஓடும் வயருக்கு என்ன வயது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பேட்டரி, ஸ்டார்ட்டர், ஆல்டர்நேட்டர் என்று வரிசையாகக் காசு கொடுத்து மாற்றிவிட்டு, கடைசியில் ஒரு துருப்பிடித்த போல்ட்டில் வந்து நிற்பவர்களைப் பார்த்துப் பார்த்து மனசு கேட்காமல்தான் இதை எழுதுகிறேன். ஒரு மல்டிமீட்டரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால், இதில் பாதிக்கு மேல் வீட்டு வாசலிலேயே செய்துவிடலாம்.

கார் ரப்பர் டயரில் நிற்கிறது. அதற்கு எர்த் எங்கிருந்து வந்தது?

பெயர்தான் எர்த். மண்ணோடு அதற்குச் சம்பந்தமில்லை. பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து புறப்படும் கரண்ட், விளக்கிலோ ஹாரனிலோ வேலையை முடித்துக்கொண்டு மைனஸ்ஸுக்குத் திரும்பி வந்தாக வேண்டும். போவதற்கு ஒரு வயர், வருவதற்கு ஒரு வயர் என்று இரண்டு போடாமல், வருகிற வழிக்குக் காரின் இரும்பு உடம்பையே வைத்துவிட்டார்கள். அந்தத் திரும்பும் வழிக்குத்தான் எர்த் அல்லது பாடி எர்த் என்று பெயர்.

இஞ்சின் மட்டும் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் கரண்டைக் கடத்தாது. அதனால் இஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் தனியாக ஒரு தடித்த கேபிளோ, பின்னல் பட்டையோ போட்டிருப்பார்கள். ஸ்டார்ட்டர் இழுக்கிற அத்தனை கரண்டும் அந்த ஒரே பட்டை வழியாகத்தான் திரும்ப வேண்டும். வண்டியிலேயே அதிகம் உழைக்கிற வயர் அது. யாரும் திரும்பிப் பார்க்காத வயரும் அதுதான்.

இன்னொரு விஷயம். 1960களின் மோரிஸ், ஆஸ்டின் மாதிரியான பழைய இங்கிலாந்து வண்டிகள் பலவற்றில் பிளஸ்தான் பாடியில் இருக்கும். அப்படி ஒன்றை வைத்திருந்தால், பேட்டரியை மாட்டுவதற்கு முன் எந்தப் பக்கம் எர்த் என்று பார்த்துவிடுங்கள்.

ஒருவர் "எர்த் இல்லை" என்கிறார், இன்னொருவர் "எர்த் ஆகிவிட்டது" என்கிறார். இரண்டும் ஒன்றா?

ஒன்றில்லை, நேர் எதிர். "எர்த் இல்லை" என்றால் கரண்ட் திரும்புகிற வழி அடைத்துக்கொண்டது. லக் (வயர் நுனியில் போல்ட் மாட்டும் வளையம்) துருப்பிடித்திருக்கும், போல்ட் தளர்ந்திருக்கும், வயர் உள்ளுக்குள் அறுந்திருக்கும். அப்போது விளக்கு மங்கும், மோட்டார் மெதுவாகச் சுற்றும், சம்பந்தமில்லாத விளக்கு எரியும். ஃபியூஸ் போகாது.

"எர்த் ஆகிவிட்டது" என்றால், பிளஸ் வயரின் தோல் உரிந்து பாடியில் தட்டுகிறது. கரண்ட் வேலை செய்யாமலே குறுக்கு வழியில் வீடு திரும்புகிறது. ஃபியூஸ் போகும். ஃபியூஸ் இல்லாத வயர் என்றால் புகையும்.

சோதிக்கிற முறை இரண்டுக்கும் வேறு. எது என்று தெரியாமல் இறங்கினால் நாள் முழுக்க வீண். "ஃபியூஸ் போகிறதா?" என்ற கேள்வியை முதலில் கேளுங்கள்.

பிரேக் மிதித்தால் பின்னால் மெல்லிய வெளிச்சம் வருகிறது, மீட்டர் விளக்கும் லேசாக எரிகிறது. சிக்னல் போட்டால் டெயில் லைட்டும் சேர்ந்து துடிக்கிறது. பேய் பிடித்த மாதிரி இருக்கிறதே?

இதை ஒரு முறை புரிந்துகொண்டால் பாதி வயர்மேன் ஆகிவிடலாம். அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

பின் விளக்குப் பெட்டியில் பிரேக்குக்கும் டெயிலுக்கும் சேர்த்து ஒரே பல்ப் இருக்கும். அதில் இரண்டு இழை. பிரேக்குக்கு 21 வாட், டெயிலுக்கு 5 வாட். இரண்டு இழைக்கும் எர்த் ஒன்றுதான், பல்ப்பின் பித்தளை உடம்பு. அந்த எர்த் அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் மிதிக்கிறீர்கள். கரண்ட் 21 வாட் இழை வழியாக வந்து பித்தளையில் நிற்கிறது. இறங்க வழியில்லை. பக்கத்தில் 5 வாட் இழை இருக்கிறது. அதற்குள் பின்பக்கமாக நுழைந்து, டெயில் லைட் வயரில் ஏறிவிடுகிறது. அந்த வயர் எங்கே போகிறது? மறுபக்க டெயில், நம்பர் பிளேட் விளக்கு, முன் பார்க்கிங் விளக்கு, மீட்டர் விளக்கு. அங்கெல்லாம் எர்த் நன்றாக இருக்கிறது. அந்த வழியில் இறங்கிவிடுகிறது. அதனால் நீங்கள் போடாத விளக்கெல்லாம் மினுக்குகிறது, எரிய வேண்டிய பிரேக் லைட் எரியவில்லை.

இந்த மாதிரி ஒரு விளக்கைப் போட்டால் இன்னொன்று எரிந்தது என்றால், சுவிட்சையும் ரிலேயையும் கழற்ற வேண்டாம். எந்தப் பக்கம் விளக்கு மங்குகிறதோ அந்தப் பக்க எர்த்துக்கு நேராகப் போங்கள். ஒரு துண்டு வயரின் ஒரு நுனியைப் பல்ப் ஹோல்டரின் எர்த்திலும், மறு நுனியை பூட்டில் (பின்னால் சாமான் வைக்கும் இடத்தில்) சுத்தமான இரும்பிலும் வைத்துப் பிடியுங்கள். எல்லாம் சரியாகிவிட்டால் கோளாறு கைக்கு வந்துவிட்டது.

பின்னால் வருகிறவனுக்கு நீங்கள் பிரேக் பிடித்தது தெரியாமல் ரவாங் சாலையில் போய்க்கொண்டிருப்பீர்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பேட்டரி புதுசு, ஸ்டார்ட்டர் புதுசு. இன்னும் காலையில் "டக்" என்று மட்டும் கேட்கிறது.

ஒரு பெரியவர், ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி ஓய்வு பெற்றவர், 1.3 சாகாவை மகனோடு தள்ளிக்கொண்டு வந்தார். "தம்பி, இனிமே மாத்துறதுக்கு இதுல ஒண்ணும் இல்லய்யா" என்றார். பேட்டரி மாற்றியாகிவிட்டது. ஸ்டார்ட்டர் மாற்றியாகிவிட்டது. அதற்குச் சில மாதம் முன்பு வேறு ஒரு பட்டறையில் கிளட்ச் பிளேட் போட்டிருந்தார்கள். இதையெல்லாம் விட என் காதில் விழுந்தது அவர் சும்மா சொன்ன ஒரு வார்த்தை: "எண்ண மிதியும் இப்ப இறுகிப்போச்சு." எண்ணெய் மிதி என்று அவர் சொன்னது ஆக்சிலரேட்டரை.

ஆக்சிலரேட்டர் கேபிளைத் தொட்டுக்கொண்டு, மகனை ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். மூன்றாவது தடவை கேபிள் விரலில் சுட்டது. அவ்வளவுதான், விஷயம் தெரிந்துவிட்டது. இஞ்சினிலிருந்து கரண்ட் திரும்ப வேறு வழியில்லாமல் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. கேபிளுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் குழாய் அந்தச் சூட்டில் இளகி, கம்பியைப் பிடித்துக்கொண்டது. அதனால்தான் மிதி இறுகியிருந்தது.

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். கியர்பாக்ஸ் போல்ட்டில் எர்த் பட்டை இருந்தது, ஆனால் கிளட்ச் வேலைக்குக் கழற்றியவர் திரும்ப மாட்டும்போது விரலால் மட்டும் இறுக்கியிருக்கிறார். பட்டையைக் கழற்றிக் கையில் எடுத்தேன். மேலே நரைத்துப்போன நிறம். லேசாக மடக்கியதும் உள்ளேயிருந்து பச்சைத் தூள் உள்ளங்கையில் கொட்டியது. லக்கின் கழுத்தில் பாதிக்கு மேல் இழை அறுந்து, துடைப்பம் மாதிரி விரிந்திருந்தது. புதுப் பட்டை ஒன்று, ஆக்சிலரேட்டர் கேபிள் ஒன்று. பழைய ஸ்டார்ட்டரை அவர் பட்டறையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். அது நல்ல ஸ்டார்ட்டராகத்தான் இருந்திருக்க வேண்டும்.

ஆக்சிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள், இவற்றில் ஏதாவது சூடானாலோ இறுகினாலோ, முதலில் இஞ்சின் எர்த்தைப் பாருங்கள்.

மல்டிமீட்டரில் ஓம் வைத்து எர்த்தைப் பார்த்தேன். 0 காட்டுகிறது, "பீப்" சத்தமும் வருகிறது. அப்படியானால் எர்த் நல்லதுதானே?

இல்லை. இந்த ஒரு தப்புக்காகவே எத்தனையோ பேர் நல்ல சாமானைக் கழற்றிப் போட்டிருக்கிறார்கள்.

ஓம் பார்க்கும்போது மீட்டர் மிகச் சின்ன கரண்டைத்தான் வயருக்குள் விட்டுப் பார்க்கிறது. 30 இழை உள்ள வயரில் 29 அறுந்து ஒன்று மிச்சம் இருந்தாலும் அதற்குப் போதும், "பீப்" என்று கத்திவிடும். ஆனால் ஸ்டார்ட்டர் கேட்பது 100 ஆம்பியர், சில நேரம் அதற்கும் மேல். ஒற்றை இழை என்ன செய்யும்?

கணக்காகவே பாருங்கள். எர்த்தில் வெறும் 0.01 ஓம் தடை கூடிவிட்டது. 100 ஆம்பியர் ஓடும்போது அங்கே 1 வோல்ட் காணாமல் போகும். 0.02 என்றால் 2 வோல்ட். நம் கையில் இருக்கும் மீட்டரின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள், அதுவே 0.2, 0.3 ஓம் காட்டும். அந்த மீட்டரால் 0.01 ஓமை எப்படிக் கண்டுபிடிப்பது?

அதனால் எர்த்தை ஓமில் பார்க்காதீர்கள், வோல்ட்டில் பாருங்கள். அதுவும் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது. மீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வையுங்கள். கறுப்பு முனையை பேட்டரி மைனஸ்ஸின் ஈயத் தலையில் குத்துங்கள், மேலே மாட்டியிருக்கும் கிளாம்பில் வேண்டாம், தலையிலேயே. சிவப்பு முனையை இஞ்சின் பிளாக்கில் சுத்தமான ஓர் இடத்தில் வையுங்கள். இஞ்சின் பிடிக்காமல் சுற்ற மட்டும் செய்ய, இக்னிஷன் காயிலுக்குப் போகும் மெல்லிய பிளஸ் வயரைக் கழற்றிவிடுங்கள். இப்போது ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். மீட்டர் 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நல்லது. 0.5ஐத் தாண்டினால் கண்டிப்பாக வேலை இருக்கிறது. அந்தச் சாகாவில் 2 வோல்ட்டுக்கு மேல் காட்டியது.

அடுத்தது பாடி. ஹெட்லைட், ஏர்கான் ஃபேன், பின் கண்ணாடி ஹீட்டர் இருந்தால் அதுவும், எல்லாவற்றையும் போடுங்கள். கறுப்பு அதே ஈயத் தலையில் இருக்கட்டும், சிவப்பு பாடியில். 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பிறகு சிவப்பு முனையை மங்குகிற விளக்கின் எர்த் பின்னுக்குக் கொண்டுபோங்கள்.

எங்கேயோ அதிகம் காட்டுகிறது என்று தெரிந்துவிட்டால், அதற்கப்புறம் நடந்தே போய்ப் பிடிக்கலாம். ஈயத் தலையிலிருந்து கிளாம்ப், கிளாம்ப்பிலிருந்து கேபிள், கேபிளிலிருந்து லக், லக்கிலிருந்து போல்ட், போல்ட்டிலிருந்து பாடி. சிவப்பு முனையை ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். எந்த இரண்டு புள்ளிக்கு நடுவில் வோல்ட் திடீரென்று எகிறுகிறதோ, கோளாறு அந்த இடுக்கில்தான். கண்ணுக்கு எவ்வளவு பளபளப்பாகத் தெரிந்தாலும் சரி, மீட்டர் சொல்வதை நம்புங்கள்.

மல்டிமீட்டர் இல்லை. வேறு வழி?

ஜம்பர் கேபிள் இருக்கிறதா? ஒரு நுனியை பேட்டரி மைனஸ்ஸில் கவ்வுங்கள், மறு நுனியை இஞ்சினில் ஒரு தடித்த இரும்பில் கவ்வுங்கள். இப்போது ஸ்டார்ட் பண்ணுங்கள். உற்சாகமாகச் சுற்றினால் இஞ்சின் எர்த்தில்தான் கோளாறு. பாடிக்கும் இதே மாதிரி. இரண்டு நிமிட வேலை.

விளக்குகளுக்கு 21 வாட் சிக்னல் பல்ப் ஒன்றில் இரண்டு வயரைப் பற்றவைத்து ஒரு டெஸ்ட் லேம்ப் செய்துகொள்ளுங்கள். ஒரு வயரை பேட்டரி பிளஸ்ஸில் மாட்டி, மறு வயரால் மைனஸ்ஸைத் தொட்டு எவ்வளவு வெளிச்சம் என்று மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு சந்தேகப்படும் எர்த்தைத் தொடுங்கள். அதே வெளிச்சம் வர வேண்டும். கடையில் கிடைக்கும் எல்.இ.டி. டெஸ்ட் பென் இதற்கு ஆகாது. அது பாதி செத்த எர்த்திலும் பளிச்சென்று எரியும்.

எர்த் பாயிண்டுகள் எங்கெங்கே இருக்கும்?

வண்டிக்கு வண்டி மாறும். பேட்டரி மைனஸ்ஸிலிருந்து கிளம்பும் தடித்த கேபிளைப் பின்தொடருங்கள், அது போய் முடிகிற இடம் எல்லாவற்றுக்கும் முதல். அப்புறம் ஹெட்லைட்டுகளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும், டேஷ்போர்டுக்குக் கீழே கால் வைக்கும் பக்கத்துத் தகட்டில், பூட்டுக்குள் பின் விளக்குக்கு அருகில், பெட்ரோல் டாங்கியின் மிதவைக்கு மேலே என்று தேடுங்கள்.

நிறம் கொஞ்சம் உதவும். புரோட்டோன், நிசான், ஹோண்டா வண்டிகளில் எர்த் பெரும்பாலும் கறுப்பு. டொயோட்டாவில் வெள்ளையில் கறுப்புக் கோடு. ஜெர்மன் வண்டிகளில் பழுப்பு, அங்கே கறுப்பை எர்த் என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள். பழைய டொயோட்டா சிலவற்றில் ஹெட்லைட்டுக்கு பிளஸ் நேராக வந்து நிற்கும், சுவிட்ச் எர்த் பக்கத்தில் இருக்கும். அங்கே விளக்கு எரியவில்லை என்றால் சுவிட்சையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கோலாலம்பூரில் இருக்கும் என் தம்பியின் வீரா நன்றாக இருக்கிறது. அதே வருடத்து என் வண்டிக்கு மட்டும் ஏன் இவ்வளவு எர்த் தொல்லை?

வண்டி எங்கே வாழ்ந்தது என்பதைப் பொறுத்தது. தோட்டத்து வண்டி பட்டணத்து வண்டி மாதிரி வாழவில்லை.

உரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் பொட்டாசியம் குளோரைடு, அதாவது ஒரு வகை உப்பு. மூட்டையை பூட்டில் போட்டு ஏற்றிப் போகிறோம். சிந்துகிற தூள் கம்பளத்துக்கு அடியில் இறங்கி, நம் ஊர் ஈரக்காற்றை உறிஞ்சி, உப்புத் தண்ணீராக அங்கேயே கிடக்கும். பூட்டில்தான் பின் விளக்குகளின் எர்த்தும் இருக்கிறது. பின் விளக்குக் கோளாறோடு வருகிற வண்டியில் நான் முதலில் கம்பளத்தைத் தூக்கி, விரலால் ஒரு துளி தொட்டுப் பார்ப்பேன். வெள்ளைத் தூள் மணல் மாதிரி நெருடினால் அதற்கு மேல் தேட வேண்டியதில்லை.

ரப்பர் தோட்டத்து வண்டி என்றால் கட்டிப்பால். பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிட் சொட்டுச் சொட்டாக வடியும், இரும்பை அரிக்கும். பால் உறையாமல் இருக்கப் போடும் அம்மோனியா செம்பையும் பித்தளையையும் தின்னும். வயரும் லக்கும் அந்த இரண்டில்தானே செய்திருக்கிறது.

செம்மண் சாலைச் சேறு அடியில் அப்பிக்கொண்டு ஈரத்தைப் பிடித்து வைக்கும். அடித்துக் கழுவினால் மட்டும் போகாது.

அப்புறம் எலி. செம்பனைப் பழம் இருக்கிற இடத்தில் எலி இல்லாமல் இருக்காது. அதைப் பிடிக்கத்தான் தோட்டங்களில் கூகைக்குக் கம்பம் நட்டுப் பெட்டி வைக்கிறார்கள். இரவில் சூடாக இருக்கும் பொனட்டுக்குள் எலி வந்து படுத்து, வயரின் தோலைக் கொறிக்கும். வாரக்கணக்கில் ஓட்டாமல் போட்டு வைத்த வண்டி என்றால் பொனட்டைத் திறந்து பார்க்காமல் சாவி போடாதீர்கள். காய்ந்த புல், கடித்த பழக்கொட்டை, புழுக்கை கிடந்தால் வயரைக் கையால் தடவிப் பாருங்கள்.

ஃபியூஸ் போட்டதும் போகிறது. பெரிய ஃபியூஸ் போடலாமா?

கூடவே கூடாது. ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை. 10 ஆம்பியர் இடத்தில் 30 போட்டால், அடுத்து எரியப்போவது வயர் கட்டு. வெள்ளித்தாளும் ஆணியும் வைத்த வண்டிகளையும் பார்த்திருக்கிறேன். அவற்றில் ஒன்றின் டேஷ்போர்டு கருகியே வந்தது.

இதற்கு நல்ல வழி, மேலே சொன்ன அதே 21 வாட் டெஸ்ட் லேம்ப். போன ஃபியூஸை எடுத்துவிட்டு, அந்த இரண்டு பள்ளத்திலும் லேம்ப்பின் இரண்டு வயரைச் சொருகுங்கள். அந்த ஃபியூஸில் ஓடும் சாமான்களின் சாக்கெட்டுகளைக் கழற்றிவிட்டு, அந்த லைனின் சுவிட்சைப் போட்டு வையுங்கள். வயர் எங்கேயோ பாடியில் தட்டிக்கொண்டிருந்தால் லேம்ப் முழு வெளிச்சத்தில் எரியும். ஆனால் லேம்ப் நடுவில் இருப்பதால் 2 ஆம்பியருக்கு மேல் ஓடாது. வயர் சூடாகாது, ஃபியூஸ் டப்பா டப்பாவாக வீணாகாது.

இப்போது வயர் கட்டை மெதுவாக ஆட்டிக்கொண்டே போங்கள். கதவுக் கீலில் இருக்கும் ரப்பர் குழாய், பூட் மூடியின் கீல், இஞ்சின் அறையிலிருந்து உள்ளே வரும் ஓட்டையின் ரப்பர் வளையம், பேட்டரித் தட்டுக்கு அடி, இழுவைக் கொக்கிக்காகப் பிற்பாடு போட்ட வயர். வயர் மடங்கி மடங்கி நிமிரும் இடங்கள்தான் தேய்கிற இடங்கள். லேம்ப் மினுக்கினாலோ அணைந்தாலோ உங்கள் கை கோளாறின் மேல் இருக்கிறது. பகல் வெயிலில் தெரியாது, சாயங்காலம் செய்யுங்கள், அல்லது லேம்ப்பின் மேல் ஒரு துணியைப் போட்டு நிழல் பண்ணுங்கள்.

ஃபியூஸ் போகவில்லை. ஆனால் இரண்டு நாள் நிறுத்தினால் பேட்டரி செத்துவிடுகிறது.

ஈரத்தில் மெதுவாகக் கசிகிற எர்த் அல்லது அணையாத ஏதோ ஒன்று. எல்லாவற்றையும் அணைத்து, கதவைச் சாத்தி, மீட்டரை 10 ஆம்பியர் பள்ளத்துக்கு மாற்றி, மைனஸ் கிளாம்ப்புக்கும் ஈயத் தலைக்கும் நடுவில் மாட்டுங்கள். பழைய வண்டியில் கடிகாரமும் ரேடியோவும் சேர்ந்து 0.05 ஆம்பியருக்குள் இருந்தால் போதும். 0.5 காட்டுகிறது என்றால் இரண்டு நாளில் 24 ஆம்பியர்-மணி போய்விடும். 45 ஆம்பியர்-மணி பேட்டரியில் அது பாதிக்கு மேல்.

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுங்கள், எதை எடுத்ததும் மீட்டர் இறங்குகிறதோ அந்த லைன். எந்த ஃபியூஸிலும் இறங்கவில்லை என்றால் ஆல்டர்நேட்டரின் தடித்த வயரைச் சந்தேகப்படுங்கள். மீட்டர் மாட்டியிருக்கும்போது மறந்தும் ஸ்டார்ட் பண்ணாதீர்கள்.

பெட்ரோல் முள்ளும் சூட்டு முள்ளும் சேர்ந்து ஏறுகின்றன. ஆனால் இஞ்சின் சூடாகவில்லை.

இரண்டும் ஒன்றாக ஆடினால் இரண்டுக்கும் பொதுவானதைப் பாருங்கள். பழைய வண்டிகள் பலவற்றில் மீட்டர் பலகைக்குப் பின்னால் ஒரு சின்ன வோல்ட்டேஜ் ரெகுலேட்டர் இருக்கும். அதற்கு எர்த் சரியாகக் கிடைக்காவிட்டால் முழு 12 வோல்ட்டையும் முள்ளுக்கு விட்டுவிடும், இரண்டும் மேலே ஏறும். மீட்டர் பலகையின் எர்த் ஸ்குரூவைச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி பாருங்கள். ஆனாலும் ரேடியேட்டரில் தண்ணீர் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

எர்த் பாயிண்டை எப்படிச் சுத்தம் செய்வது? டபிள்யூ.டி-40 அடித்தால் போதுமா?

போதாது. அது போல்ட்டைக் கழற்ற உதவும், அவ்வளவுதான்.

பேட்டரியின் மைனஸ்ஸை முதலில் கழற்றுங்கள், கடைசியில் மாட்டுங்கள். பிளஸ்ஸை முதலில் கழற்றினால் ஸ்பேனர் பாடியில் பட்ட நொடியில் தீப்பொறி பறக்கும். பிறகு எர்த் போல்ட்டைக் கழற்றி, மணல்தாளால் பாடியின் இரும்பு வெள்ளையாகத் தெரிகிற வரை தேயுங்கள். லக்கின் இரண்டு பக்கமும் அதே மாதிரி. பாடி வேலை செய்து பெயிண்ட் அடித்த வண்டியில் லக்குக்கு அடியிலேயே பெயிண்ட் இருக்கும். பார்க்க அழகாக இருக்கும், ஒரு துளி கரண்ட் போகாது. பல் உள்ள வாஷர் வைத்து நன்றாக இறுக்குங்கள். இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள், ஈரம் புகாது.

வயரின் தோலுக்குள்ளே செம்பு கறுத்துப் போயிருந்தால் பளபளப்பான செம்பு வருகிற வரை வெட்டிக்கொண்டே போங்கள். நீளம் போதவில்லை என்றால் ஒரு துண்டு சேர்த்துக்கொள்ளலாம். லக்கை அதற்குரிய கிரிம்பிங் பிளையரால் அழுத்துங்கள், சுத்தியால் தட்ட வேண்டாம். சும்மா முறுக்கி டேப் சுற்றுவது நம் வெயிலுக்கு நிற்காது. பசை இளகி டேப் அவிழ்ந்து, நீங்களே நாளைக்கு ஒரு புதுக் கோளாறைச் செய்து வைத்ததாக ஆகும்.

பேட்டரித் தலையில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைத் தூளுக்கு சோடா மாவு கலந்த வெந்நீர் ஊற்றிக் கழுவினால் போய்விடும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கலர் கலராக கிரவுண்டிங் கேபிள் செட் விற்கிறார்கள். போட்டால் இழுவை கூடுமா?

இருக்கிற எர்த் நன்றாக இருந்தால் எதுவும் கூடாது. கெட்டுப்போயிருந்தால் வித்தியாசம் தெரியும், ஏனென்றால் கெட்ட எர்த்துக்குப் பக்கத்தில் ஒரு நல்ல எர்த் போட்டுவிட்டீர்கள். அந்தக் காசில் இஞ்சினுக்கு நல்ல தடிமனில் ஒரே ஒரு புது எர்த் கேபிள் போடுங்கள் என்றுதான் சொல்வேன். 16லிருந்து 25 சதுர மில்லிமீட்டர் வரை நம் சின்ன இஞ்சின்களுக்குத் தாராளம்.

ஹெட்லைட் மஞ்சளாக மங்கியிருக்கிறது. எல்.இ.டி. போட்டுவிடலாமா?

முதலில் வோல்ட் பாருங்கள். வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் சாதா பல்ப்பின் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். எர்த்தைச் சரி செய்ததும் "புது பல்ப் போட்டீங்களாண்ணே?" என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

ஆல்டர்நேட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க, ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றலாமா?

வேண்டாம். வோல்ட் ஒரே தாவாகத் தாவி ஆல்டர்நேட்டரின் டயோடையும், இ.எஃப்.ஐ. (கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும்) வண்டி என்றால் இ.சி.யு. என்னும் இஞ்சின் கம்ப்யூட்டரையும் சேர்த்துக் கொன்றுவிடும். மீட்டரை பேட்டரியில் வையுங்கள், இஞ்சின் ஓடும்போது 13.8லிருந்து 14.5 வோல்ட் வரை இருந்தால் நல்லது. குறைவாக இருந்தால் ஆல்டர்நேட்டரின் உடம்புக்கும் பேட்டரி மைனஸ்ஸுக்கும் நடுவில் எத்தனை வோல்ட் தொலைகிறது என்று பார்த்துவிட்டு, அப்புறம் ஆல்டர்நேட்டர் விலை விசாரியுங்கள்.

அடித்தகடு துருப்பிடித்து வெல்டிங் வைக்கப் போகிறேன். வயருக்கு ஏதாவது ஆகுமா?

பேட்டரியின் இரண்டு வயரையும் கழற்றுங்கள். இ.சி.யு. இருந்தால் அதன் சாக்கெட்டையும் உருவிவிடுங்கள். வெல்டிங் எர்த் கிளாம்ப்பை, ஒட்டுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள். முன்னால் பம்பரில் கிளாம்ப்பை மாட்டிப் பின்னால் ஒட்டினால் அந்தக் கரண்ட் வண்டி முழுக்கச் சுற்றித் திரும்பும்.

வயர் எல்லாம் பழசு. முழு ஹார்னஸையும் (வயர் கட்டையும்) மாற்றிவிடுவது நல்லதா?

தீப்பிடித்த வண்டி அல்லது எலி கட்டோடு கடித்த வண்டி தவிர வேறு எதற்கும் நான் அதைச் சொல்ல மாட்டேன். ஹாஃப் கட் (பாதியாக வெட்டிய பழைய வண்டி) கடையில் கிடைக்கும் ஹார்னஸும் உங்கள் வண்டியின் வயதுதான். அதன் எர்த் லக்கும் அதே மாதிரிதான் இருக்கும். இருக்கிற ஹார்னஸில் எட்டுப் பத்து எர்த் பாயிண்டுகளைச் சுத்தம் செய்வது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

ஓட்டிக்கொண்டிருக்கும்போதே டேஷ்போர்டிலிருந்து வயர் கருகும் வாடை வந்தால்?

ஓரம் கட்டி இஞ்சினை அணைத்து எல்லாரையும் இறக்குங்கள். சாவியை அணைத்தாலும் சில வயர்களில் பேட்டரி கரண்ட் இருந்துகொண்டே இருக்கும், அதனால் மைனஸ்ஸைக் கழற்றியாக வேண்டும். பொனட் இடுக்கில் தீயோ கரும்புகையோ தெரிந்தால் திறக்காதீர்கள், தள்ளிப் போய் 999க்குக் கூப்பிடுங்கள். வெறும் வாடைதான் என்றால் பொனட்டைத் திறந்து மைனஸ் கிளாம்ப்பைக் கழற்றுங்கள். பெரும்பாலான வண்டிகளில் அதற்கு 10ஆம் நம்பர் ஸ்பேனர் ஒன்று போதும். அதை பூட்டில் சாமானுக்கு அடியில் போடாமல், டிரைவர் கதவுப் பையிலேயே வைத்திருங்கள்.